கூரையைப் பிடித்துக்கொண்ட விளக்கு

சகோதரிகளே, படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணாந்து பாருங்கள். புதிய அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரானால், தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு கூரை தெரியும். அது அசல் கூரை அல்ல. 'ஃபால்ஸ் சீலிங்' என்று சொல்கிறோமே, அந்தப் பொய்க் கூரை. அதில் அப்பளம் அப்பளமாக வட்ட விளக்குகள் பதிந்திருக்கும். எல்லாம் எரிகிற வரையில் வெகு அழகு. அவற்றில் ஒன்று அணைந்து போகட்டும். அப்புறம்தான் தெரியும் சங்கதி!

நம் பாட்டிமார் காலத்து விளக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. கூரையிலிருந்து ஒரு ஒயர் தொங்கும். அதன் நுனியில் பல்பு தொங்கும். ஸ்டூலில் ஏறி, பல்பை மேல் நோக்கி அழுத்தி லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். இப்போதைய விளக்கோ, உடம்பைக் கூரைக்குள் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டுகிறது. எங்கே பிடிப்பது, எப்படி இழுப்பது என்று புரிவதில்லை. ஒரு திருகாணிகூடக் கண்ணில் படுவதில்லை. மெதுவாக இழுத்தால் அசையாது. பலமாக இழுத்தால் கூரையும் சேர்ந்து வரும்.

கூரையும் சேர்ந்து வந்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். வேறு யார் வீட்டுக் கதையும் இல்லை. எங்கள் வீட்டுக் கதைதான்.

எங்கள் வீட்டில் என் மாமியாரின் அறையிலிருந்து குளியலறைக்குப் போக ஒரு சிறு நடை உண்டு. ஜன்னல் இல்லாத நடை. அதற்கு ஒரே ஒரு விளக்கு. ஒருநாள் மாலை அந்த விளக்கு இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்து போயிற்று.

"ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்றார் என் கணவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைக் காணோம். கீழ் வீட்டார் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பகலில் நடந்து போகிற எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஒருநாள் நடுநிசியில் 'டம்' என்று சத்தம் கேட்டு ஓடினேன். மாமியார் நடையின் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். 78 வயது. செருப்பு அலமாரியில் முழங்கால் இடித்து, சாய்ந்து, நல்ல வேளையாக மெதுவாகவே சரிந்திருக்கிறார். எலும்பு தப்பியது; வீக்கம் மட்டும்தான்.

"ஏனம்மா, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பகலெல்லாம் உழைத்துவிட்டுப் படுத்திருக்கிறாய். பதினாலு நாளாகச் சுவரைத் தடவிக்கொண்டுதானே போய் வருகிறேன்? இன்றைக்குச் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று" என்றார்.

பதினாலு நாள்! எனக்குச் சுருக்கென்றது. பாக்கி இரவு நான் தூங்கவில்லை.

பொழுது விடிந்ததும் என் கணவர் ஏணியில் ஏறிவிட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. இழுத்தார், விளக்கு வரவில்லை. சமையலறையிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கி நெம்பினார், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பிறைச் சந்திரனைப் போல ஒரு துண்டுக் கூரை பெயர்ந்து விழுந்தது. அவர் தலையில் விபூதி அபிஷேகம்! விளக்கோ ஒரு பக்கம் விட்டு, மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கோணலாகத் தொங்கிற்று.

அதன் பிறகுதான் ஒயர்மேனுக்குச் சொல்லி அனுப்பினோம். நடுத்தர வயசுக்காரர், நிதானமானவர். ஏணியில் கால் வைக்குமுன், "மெயினை நிறுத்திட்டீங்களா, சார்?" என்று கேட்டார்.

"ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார் என் கணவர்.

ஒயர்மேன் மேலே ஏறி, சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒயர் இணைப்பில் வைத்தார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது!

"உங்க வீட்டில இன்வர்ட்டர் இருக்குங்களா, சார்?" என்றார் அவர், குரலைச் சற்றும் உயர்த்தாமல்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரை மணி நேரமாக என் கணவரின் விரல்கள் அந்த ஒயருக்கு ஓர் அங்குல தூரத்தில் இருந்திருக்கின்றன. கையில் இரும்புத் தோசைத் திருப்பி வேறு!

இரண்டு வாசல்

ஆகவே, சகோதரிகளே, விளக்கைக் கழற்றுவதைப் பற்றிச் சொல்லுமுன் இந்த ஒரு விஷயத்தை மனசில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை.

இன்வர்ட்டர் உள்ள வீட்டுக்கு மின்சாரம் வர இரண்டு வாசல் உண்டு. ஒன்று தெருவிலிருந்து மீட்டர் வழியாக வருவது. மற்றொன்று இன்வர்ட்டரின் பாட்டரியிலிருந்து வருவது. மெயினை நிறுத்தியதும் இன்வர்ட்டர் என்ன நினைத்துக்கொள்கிறது? 'ஐயோ, கரண்ட் போய்விட்டதே' என்று நினைத்து, அந்த நிமிஷமே தன் பாட்டரியிலிருந்து விளக்குகளுக்கு மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்குகிறது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறது. ஆனால் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது! இன்வர்ட்டரிலிருந்து வருவதும் 230 வோல்ட்தான். பாட்டரி 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

இன்வர்ட்டரின் முகப்பில் உள்ள பொத்தானை மட்டும் அணைத்தால் போதுமா? போதாது. பல இன்வர்ட்டர்களில், அந்தப் பொத்தான் அணைந்திருந்தாலும் தெரு மின்சாரம் அதன் வழியாகவே விளக்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனவே மெயின், இன்வர்ட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். இரண்டில் ஒன்று போதாது.

'சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டேனே' என்பீர்கள். ஒழுங்காக வேலை செய்த வீட்டில் ஸ்விட்ச் 'பேஸ்' ஒயரைத் துண்டிக்கும். தப்பாக இணைத்த வீட்டில் அது 'நியூட்ரல்' ஒயரைத் துண்டித்திருக்கும். விளக்கு அணையும், ஆனால் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் வீடு எந்த ரகம் என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவிர, பொய்க் கூரைக்கு உள்ளே அந்த ஒரு விளக்கின் ஒயர் மட்டுமா ஓடுகிறது? பக்கத்து அறைக்குப் போகிற ஒயரும் அங்கேதான் கிடக்கும்.

ஒயர்மேன் எனக்குச் சொல்லிக்கொடுத்த சுலபமான சோதனை இது. நல்ல பகல் வெளிச்சத்தில், வீட்டில் உள்ள எல்லா விளக்குகளையும் மின்விசிறிகளையும் போட்டுவிடுங்கள். பிறகு மெயினை நிறுத்துங்கள். எவை இன்னும் ஓடுகின்றனவோ அவை இன்வர்ட்டர் பக்கத்தவை. இப்போது இன்வர்ட்டரையும் நிறுத்துங்கள். வீடு முழுவதும் ஓய வேண்டும். ஒரு சிறு விளக்கு எங்கேயாவது எரிந்துகொண்டிருந்தாலும் ஏணியைத் தொடாதீர்கள்.

டெஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரையில் வைத்துப் பார்ப்பதற்கு முன், மின்சாரம் இருக்கும்போதே ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா ஒயரையும் சாது என்றுதான் சொல்லும். மரத்தின் மேல் நிற்பவருக்கு நல்ல டெஸ்டர்கூட மங்கலாக எரியலாம். ஆகையால், எரிந்தால் நிச்சயம் ஆபத்து. எரியாவிட்டால் மட்டும் அபயம் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு வாசலையும் சாத்தியிருக்கிறோமா என்பதுதான் முக்கியம்.

எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

இனி விளக்குக்கு வருவோம். அது ஏன் வர மறுக்கிறது?

கிணற்றுக்குள் ஒருவன் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு முழங்கைகளையும் கிணற்றின் விளிம்பில் ஊன்றிக்கொண்டிருக்கிறான். அவன்தான் உங்கள் விளக்கு. விளக்கின் இரு பக்கமும் ஸ்பிரிங் வைத்த இரண்டு கம்பிக் கைகள் உண்டு. பொருத்தும்போது அவற்றை மேல் நோக்கி மடக்கித் துளைக்குள் நுழைப்பார்கள். உள்ளே போனதும் அவை விரிந்து, கூரைப் பலகையின் மேல் படிந்து, விளக்கைத் தாங்கிக்கொள்ளும். திருகாணி கண்ணில் படாத ரகசியம் இதுதான்.

அவனை எப்படி இறக்குவது? இரண்டு கால்களையும் சமமாகப் பிடித்து நேர் கீழாக மெதுவாக இழுத்தால், அவன் கைகள் மேல் நோக்கி மடங்கும், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். ஒரு காலை மட்டும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், ஒரு முழங்கை விடும். மறு முழங்கை விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

கூரைப் பலகையின் பலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சம் பலகை சாதாரணமாக 12.5 மில்லிமீட்டர் கனம். இரண்டு காகிதத்துக்கு நடுவே சுண்ணாம்புக் கட்டியைப் போன்ற ஜிப்சம். ஓரத்தில் நெம்பினால் உளுத்தம் அப்பளம் போல நொறுங்கும்.

நேராக இழுத்தும் வரவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் பெயிண்டுதான் குற்றவாளி. விளக்கைக் கழற்றாமலே அதன் விளிம்பின் மேல் பட்டியும் பெயிண்டும் பூசிவிட்டுப் போயிருப்பார்கள். விளக்கும் கூரையும் ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகிவிட்டிருக்கும். இதற்குக் கூரான காகிதம் வெட்டும் பிளேடு போதும். விளிம்பும் கூரையும் சேருகிற கோட்டில், சுற்றிலும் லேசாகக் கீறிக்கொண்டு வர வேண்டும். ஒரே கீறலில் முடித்துவிட எண்ணாதீர்கள். நாலு சுற்று, ஐந்து சுற்று வரட்டும். எங்கள் வீட்டில் தோசைத் திருப்பி தோற்ற காரியத்தை ஒயர்மேன் ஒரு சின்னப் பிளேடினால் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். மீதியிருந்த பக்கத்தை அவர் கீறியதும் விளக்கு பொசுக்கென்று தளர்ந்தது.

இரண்டாவது காரணம், கம்பிக் கை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பது. அப்படியானால் இழுக்க இழுக்க இறுகும். விளக்கை முதலில் மேலே சிறிது தள்ளி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சற்றுத் திருப்பி, பிறகு இறக்கிப் பாருங்கள். புடவைத் தலைப்பு ஆணியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? பின்னால் ஒரு எட்டு வைத்துத்தானே விடுவிப்போம்? அதே சாமர்த்தியம்தான்.

மூன்றாவது துரு. கடற்கரைப் பக்கத்து வீடுகளிலும், வெந்நீர் ஆவி படிகிற குளியலறைகளிலும் ஸ்பிரிங் துருப்பிடித்து மடங்க மறுக்கும். விளிம்பைக் கீறிச் சற்றே இறக்கிய பிறகு, இடுக்கின் வழியாக மெல்லிய பட்டித் தகட்டை நுழைத்து, கம்பிக் கையை மேல் நோக்கித் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் சிறிது, மறு பக்கம் சிறிது என்று மாறி மாறி.

நாலாவது, ஸ்பிரிங்கே இல்லாத ரகம். கான்கிரீட் கூரையில் புதைத்த பெட்டியில் திருகாணி போட்டு முடுக்கி, அதன் மேல் மூடியைத் திருகியோ அழுத்தியோ வைத்திருப்பார்கள். மூடியை இடப்புறமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கத் தொடங்க வேண்டும். துளை பெரிதாகிப்போனதை மறைக்கப் பசை போட்டு ஒட்டிய விளக்குகளும் உண்டு. பசை தெரிந்தால் உங்கள் முயற்சி அதோடு நிற்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. விளக்கு கீழே வந்ததும் கம்பிக் கைகள் எலிப்பொறியைப் போல் 'படக்'கென்று அடிக்கும். விரலை ஓரத்தில் வைத்திருந்தால் நகம் கறுத்துவிடும். இரண்டு கைகளையும் பிடித்து மேலே மடக்கியபடியே இறக்குவதுதான் முறை.

ஏணியில் ஏறுமுன்

பழமொழி ஒன்று உண்டு: பதறாத காரியம் சிதறாது. இந்த வேலைக்காகவே சொன்னது போல் இருக்கிறது.

ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். நாற்காலி மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் முக்காலி என்று கோபுரம் கட்ட வேண்டாம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஈரக் கை, ஈரத் தலை உதவாது. கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்கில் ஒரு துணியும் இருக்கட்டும். கூரைத் தூசு கண்ணில் விழுந்தால் கை தானாக ஏணியை விட்டுவிடும். கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் பிறகு பெருக்குகிற வேலை பாதியாகும். எரிந்து கொண்டிருந்த விளக்கானால், அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

பழைய ஹாலஜன் ரகம் உங்கள் வீட்டில் இருந்தால் இது மிகவும் முக்கியம். அந்தச் சிறு பல்பு தோலைச் சுட்டுவிடும் அளவு சூடேறும். அதில் முழு விளக்கையும் கழற்ற வேண்டியதில்லை. பல்பை மட்டும் இடப்புறம் திருப்பி எடுக்கும் வகையும் உண்டு, நேரே உருவும் வகையும் உண்டு. குழிக்குள் விரல் போகாமல் பல்பு சிக்கிக்கொண்டால், அகலமான ஒட்டு நாடாவை ஒரு துண்டு வெட்டி, இரு முனையையும் மடித்துக் கைப்பிடி போலாக்கி, நடுப்பகுதியைப் பல்பின் முகத்தில் அழுத்தி ஒட்டித் திருப்புங்கள். பிடி கிடைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, பல்பு ஆறிய பிறகுதான்!

சி.எஃப்.எல். விளக்கானால் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து வைத்து, சற்றுப் பொறுத்து, தடித்த காகிதத்தால் துண்டுகளை அள்ளுங்கள். துடைப்பமும் வேண்டாம், தூசி உறிஞ்சும் இயந்திரமும் வேண்டாம்.

செத்தது விளக்கா, டிரைவரா?

விளக்கு இறங்கிவிட்டது. அதன் பின்னால் ஒரு சிறு பெட்டி தொங்கும். அதற்கு டிரைவர் என்று பெயர். வீட்டு மின்சாரத்தை எல்.ஈ.டி.க்குத் தக்கபடி மாற்றிக் கொடுப்பது அது. நீல ஒளி தரும் எல்.ஈ.டி.யை உண்டாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளி, மேலே பூசிய மஞ்சள் பொருளின் உதவியால் வெள்ளையாகி நம் கூடத்தில் விழுகிறது. விளக்கு நீண்ட ஆயுள் கொண்டதுதான். ஆனால் காற்றோட்டமில்லாத கூரைக்குள் வெந்துகொண்டே கிடக்கும் டிரைவரின் கண்டென்சர் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்த விளக்கானால் முதலில் டிரைவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம். கூடத்தில் அதே ரக விளக்கு ஒன்று நன்றாக எரிகிறதல்லவா? டிரைவருக்கும் விளக்குக்கும் நடுவே சிறிய பிளக் இருந்தால், அந்த நல்ல விளக்கை எடுத்து இந்த டிரைவரில் மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பழைய விளக்கு கெட்டது. எரியாவிட்டால் டிரைவர் கெட்டது என்று கொள்ளலாம். ஒவ்வொரு தடவை பிளக்கை எடுக்கும்போதும் மாட்டும்போதும் மின்சாரம் நின்றிருக்க வேண்டும். எங்கள் நடை விளக்கில் டிரைவர்தான் போயிருந்தது. விளக்கைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை!

டிரைவர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர் அளவு புதியதிலும் அதுவாகவே இருக்க வேண்டும். வோல்ட் எல்லையும் பொருந்த வேண்டும். வாட் மட்டும் ஒத்துப்போனால் போதாது.

முழு விளக்கே வாங்க வேண்டியிருந்தால், விளக்கின் முகத்தை அளக்காதீர்கள். கூரையின் துளையை அளந்துகொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் 'கட்-அவுட்' என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். சினிமாக் கதாநாயகருக்கு வைக்கும் கட்-அவுட் அல்ல, துளையின் குறுக்களவு! துளையை விடப் பெரிய விளக்கு நுழையாது. மிகச் சிறியது தங்காது. ஓரம் பெயர்ந்து போயிருந்தால், அகல விளிம்புள்ள விளக்கு அந்தக் குறையை மறைத்துவிடும். வெளிச்சத்தின் நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். 3000 கெல்வின் என்றால் மஞ்சள் சாயல். 6500 என்றால் பளீர் வெள்ளை. கூடத்தில் எல்லாம் மஞ்சளாக இருக்க ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால், வரிசையில் ஒரு பல் மட்டும் புதிதாகக் கட்டியது போல் இருக்கும். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றைப் பரணில் போட்டு வையுங்கள். நாலு வருஷம் கழித்து அதே அளவு கிடைப்பது அதிருஷ்டம்.

எங்கே நிறுத்துவது?

பெயிண்டைக் கீறுவது, விளக்கை இறக்குவது, பிளக்கை மாற்றுவது, இதுவரை நம் காரியம். 230 வோல்ட் ஒயரை அறுத்து முறுக்கி இணைப்பது உரிமம் பெற்ற ஒயர்மேனின் காரியம். கருகிய நாற்றம், கறுத்த ஒயர், தொட்டால் உதிரும் ஒயர் உறை, துளையிலிருந்து நீர்க்கசிவு, விரல் நுனியில் சுருக்கென்ற உணர்ச்சி, இவற்றில் எதைக் கண்டாலும் உடனே இறங்கிவிடுங்கள். கவலை வேண்டாம், பாதியில் இறங்குவதில் ஒரு அவமானமும் இல்லை.

மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. என்ற காவல்காரன் இருக்கிறானா என்றும் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் வழிதவறிப் போனால் மெயினைத் தட்டிவிடுகிறவன் அவன். அவனிடம் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாத காவல்காரன் தூங்குகிறான்; மாற்றிவிடுங்கள்.

எங்கள் நடைக்கு வெளிச்சம் வந்த அன்று இரவு, மாமியார் அறையை விட்டு வந்து, விளக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பிறைச் சந்திரன் பெயர்ந்த இடத்தை அகல விளிம்பு நன்றாகவே மூடியிருந்தது.

"ரொம்பச் செலவாயிற்றா?" என்று கேட்டார்.

டிரைவரும் விளிம்பும் ஒயர்மேன் கூலியும் சேர்த்துத் தொகையைச் சொன்னேன். அவர் முழங்காலுக்கு வாங்கிய தைலமும் மாத்திரையும் அதைவிட அதிகம் என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் அடுத்த தடவை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதே" என்றார்.

அதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உங்கள் வீட்டில் அணைந்த விளக்கு ஏதாவது இருந்தால், அதன் கீழே இரவில் யார் நடந்து போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். அவர் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சுவரைத் தடவிக்கொண்டே போய் வருவார். நாளைக்கே இரண்டு வாசலையும் சாத்திவிட்டு, ஒருவரை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோசைத் திருப்பி மட்டும் சமையலறையிலேயே இருக்கட்டும்!